பித்தளை அரம்

செவ்வாய், இரவு. நான் சொல்ல, மனைவி எழுதுகிறாள்.

பெங்களூரில் மெட்ரோ முதன்முதலாக ஓடிய வருடம், ஃபிட்டர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஜெர்மன் அரம் வாங்கினோம். பித்தளைக்கு மட்டும் என்று பேச்சு. ஒருமுறை இரும்பில் இழுத்தால் பல் மழுங்கி, பித்தளையில் வழுக்கும். ஆளுக்கு ஒரு வருடம் வைத்திருப்போம். இன்று என் மகன் அதை எடுத்துத் துருப்பிடித்த கேட்டைத் தேய்த்திருக்கிறான்.

"யாரைக் கேட்டுடா எடுத்தே?"

"அரம்தானேப்பா! ஆன்லைன்ல ஜெர்மன்னு போட்டதே வாங்கித் தரேன், விடு."

"பேரு போட்டா ஆச்சாடா? பல்லைத் தடவிப் பாக்கத் தெரியுமா உனக்கு?"

அடித்தே இருப்பேன். எங்கள் மூவரில் செல்வராஜ் போய்ச் சேர்ந்துவிட்டான். நாளை தன் முறைக்கு அரத்தை வாங்க வருகிறவன் முகத்தில் எப்படி விழிப்பேன்? என்னை விட்டால் உயிரோடு இருப்பது அவன் ஒருவன்தான், சிவாஜிநகர் தஸ்தகீர்.