என் டிக்கியையும் நீதான் அடுக்கினாய்

இன்று காலை மூவார் படகுத்துறையில் சீன முட்டைக்காரி உன்னைத் தேடினாள். நூறு முட்டை கொண்ட கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வரிசையில் நின்ற வாடகைக் கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி வந்து என் முன்னால் நின்றாள். நீ எங்கே என்று மலாய் மொழியில் கேட்டாள். நீ இறந்து இரண்டு மாதமாகிறது என்றேன். உண்மையாகவே வருந்தினாள். பிறகு என் வண்டியைப் பார்த்தாள், முட்டைகளைப் பார்த்தாள், வேறு வழியில்லாமல் ஏறிக்கொண்டாள். கூடையை டிக்கியில் வைக்க மட்டும் விடவில்லை. பத்து பகாட் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். வண்டி ஓட்டும் பொறுப்பையாவது என்னிடம் விட்டுவைத்தாளே என்று ஆறுதல் அடைந்தேன்.

செத்த பிறகும் எனக்குப் போட்டியாக இருப்பவன் நீ ஒருவன்தான் தம்பி. உயிரோடு இருக்கும் மற்ற டிரைவர்களால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. அவர்களுடைய டிக்கியும் என்னுடையதைப் போலத்தான் குலுங்குகிறது.

நீயும் நானும் ஒரே வாரத்தில் வண்டி வாங்கினோம். ஒரே மாதிரி வண்டி, பின்னால் ஒரே அளவு டிக்கி. என்னைவிட இரண்டு வயது இளையவன் என்பதால் என்னை அண்ணே என்றாய். பயணிகள் வராத நேரத்தில் நான் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பேன். ஐரோப்பாவில் எந்த மந்திரி விழுந்தார், எந்த ராஜா ஓடினார் என்பதையெல்லாம் நம் வரிசைக்கு அறிவித்தவன் நான். எல்லாரும் மரியாதையாகக் கேட்பார்கள். தோட்டத்து ஆட்கள் சாமானோடு வந்து இறங்கியதும் அத்தனை பேரும் உன் வண்டிக்குப் போவார்கள். ராஜாக்களைப் பற்றித் தெரிந்தவனிடம் ஊறுகாய் ஜாடியைக் கொடுக்க யாரும் முன்வரவில்லை.

காரணம் எனக்கும் தெரியும். என் டிக்கியில் தேங்காய் ஏற்றினால் வளைவுக்கு வளைவு அது தேர் ஓடுவதுபோல் ஓடும். மண்பானை ஏற்றினால் இறங்கும் இடத்தில் ஓட்டாஞ்சில்லு கிடைக்கும். "அண்ணே காடில போனா பாட்டுக் கச்சேரி சும்மாவே கேக்கலாம்லா" என்று, காரைக் காடி என்றே சொல்லும் நம் ஆட்கள் சொல்வார்கள். உன் டிக்கியிலோ சத்தமே வராது. கண்ணாடி டம்ளரும் வெண்கலக் குத்துவிளக்கும் அம்மிக் குழவியும் ஒன்றாகப் போய், குளுவாங்கில் ஒன்றுக்கொன்று கோபமில்லாமல் இறங்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. ஏலத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். கப்பலில் சரக்கை எப்படி அடுக்குவது என்று ஒரு மாலுமி எழுதியது. மூன்று வாரம் படித்தேன். குதிரைகளைக் கப்பலில் கொண்டுபோவது பற்றி ஓர் அத்தியாயம் முழுவதும் இருந்தது. நல்லெண்ணெய் ஜாடியைப் பற்றி ஒரு வரி இல்லை. இருந்தாலும் அதிலிருந்த முடிச்சுகளில் ஆறு கற்றேன். அவற்றில் மிக உறுதியானதைப் பொந்தியான்காரர் ஒருவரின் தயிர்ப் பானையின் கழுத்தில் போட்டேன். முடிச்சு கடைசிவரை அவிழவில்லை. கழுத்துத்தான் பானையை விட்டு வந்துவிட்டது.

அந்த மாதத்தில்தான் உன் ரகசியம் எனக்குத் தெரிந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் கை கழுவிக்கொண்டே, "அண்ணே, டிக்கில வெத்தலப் பொட்டி இருக்கு, கொஞ்சம் எடுத்தாங்களேன்" என்றாய். போய்த் திறந்தேன். அடியில் விரித்திருந்த கோணிச் சாக்கின் ஓரம் மடங்கியிருந்தது. அதன் கீழே, டிக்கியின் தரை முழுவதையும் மூடி, ஒரு ரப்பர் ஷீட். புகை போட்டுக் காய்ந்த பழுப்பு நிற ஷீட். அதன்மேல் வைத்த எது வழுக்கும்? விரலை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். என் விரலே நகர மறுத்தது.

ரப்பர் விலை விழுந்து, யார் எவ்வளவு விற்கலாம் என்று அரசாங்கம் சீட்டுக் கொடுத்த காலம் அது. சீட்டில்லாமல் ஒரு ஷீட் வைத்திருந்தாலும் குற்றம். படகுத்துறையில் மாத்தா வண்டிகளைச் சோதிப்பார். போலீஸ்காரரை நாம் அப்படித்தானே சொல்வோம். அவர் உன் வண்டியைப் பேருக்குத் திறந்து பார்த்து, சாமான்கள் இருந்த அழகை மெச்சிவிட்டு மூடுவார். நான் ஷீட்டைப் பார்த்த மறுநாள் என் டிக்கியைத் திறந்தார். இரண்டு தேங்காய்கள் அவர் காலடியில் விழுந்தன. சிரித்துக்கொண்டே, நீயெல்லாம் உன் கூட்டாளியிடம் பாடம் கேட்கக் கூடாதா என்றார்.

நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். அவன் டிக்கியில் சாமான் ஏன் நகர்வதே இல்லை, சாக்குக்கு அடியில் என்னதான் இருக்கும் என்று கேட்டேன். அறிவு வளர்ச்சிக்காகக் கேட்ட கேள்வி என்று பல நாள் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் சாக்கைத் தூக்கினார். "அலமாக், இது விக்கற ஷீட்டு இல்லிங்க துவான். கிழிஞ்ச ஷீட்டு, அடியில போட்டிருக்கேன்" என்றாய். அவருக்கும் உன்மேல் பிரியம்தான். ஆனால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் கச்சேரிக்குப் போய்த் திரும்பியபோது உன் கையில் லைசென்ஸ் இல்லை. ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது.

மறுநாள் காலை படகுத்துறையில் உன் இடம் காலியாக இருந்தது. கல்யாணத்துக்குப் போகிற ஒரு அம்மாள் குத்துவிளக்கும் கண்ணாடிச் சாமானும் நல்லெண்ணெய் ஜாடியுமாக என்னிடம் வந்தாள். அன்று நான் எவ்வளவு நிமிர்ந்து நின்றேன் என்பது எனக்கே நினைவிருக்கிறது. டிக்கியைத் திறந்தபோது பின்னாலிருந்து உன் குரல்.

"நான் அடுக்கவாண்ணே? வீட்ல சும்மாதான் இருக்கேன்."

"இங்க ரப்பர் ஷீட்டெல்லாம் இல்லப்பா" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சிகூட இருந்தது.

"ஷீட்டு எதுக்குண்ணே?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாளிடம் திரும்பினாய். "அக்கா, முன்னாடி போறப்ப இதுல எது ஒடஞ்சிச்சு?"

அவள் போன ஆடியில் உடைந்த ஜாடியின் கதையை முழுவதும் சொன்னாள். நீ முழுவதும் கேட்டாய். கேட்டு முடித்து, "மூட்டையில சேலதான? குடுங்க" என்றாய். அவள் கல்யாணத்துக்குக் கட்டவிருந்த பட்டை எடுத்துக் கொடுத்தாள். அதை ஜாடிக்கும் விளக்குக்கும் நடுவே செருகினாய். அவள் புருஷனின் மேல்துண்டு, குழந்தையின் தலையணை, அரிசிச் சிப்பம் எல்லாம் ஒவ்வோர் இடுக்காகப் போயின. "காலி எடந்தாண்ணே ஆடுது. சாமான் பாவம், அது என்னா செய்யும்?" என்று சொல்லி மூடியைச் சாத்தினாய்.

குளுவாங் வரை என் டிக்கியிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. அத்தனை மைலும் காதை அங்கேயே வைத்திருந்தேன். கயிறில்லை, ஷீட் இல்லை, முடிச்சில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு துயரமான பயணம் வேறில்லை.

ஒரு மாதம் முழுவதும் வந்தாய். லைசென்ஸ் திரும்பி வந்ததும் உன் வண்டிக்குப் போய்விட்டாய். நான் உன் முறையிலேயே தொழில் செய்வதென்று தீர்மானித்தேன். முதலில் வந்த ஒரு பெண்ணிடம், நீ கேட்ட அதே வார்த்தையில், மூட்டையிலிருக்கிற சேலையைக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஆறு முடிச்சும் மறந்துபோயிற்று. காப்பிக் கடையிலிருந்து அவள் புருஷன் எழுந்து வந்தான். "என்னாய்யா, சேலையா வேணும் உனக்கு?" என்றான். சரக்கு அடுக்கும் விதியை நான் விளக்க விளக்க அவன் கோபம் ஏறியது. அவர்கள் உன் வண்டியில் போனார்கள். அவன் தன் வேட்டியையும் சேர்த்து உன்னிடம் கொடுத்ததை நின்று பார்த்தேன்.

அடுக்கத் தெரிந்தால் மட்டும் போதும் என்றிருந்தால் நானும் கற்றிருப்பேன். ஜனங்கள் துணியைக் கொடுக்கும்படியான முகத்தை எந்த ஏலத்தில் வாங்குவது?

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள்தான். மாத்தாவிடம் நான் கேட்ட கேள்வியைப் பற்றி உன்னிடம் சொல்லிவிட வேண்டுமென்று இரண்டு தடவை உன் கட்டிலருகே வந்து உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் பத்திரிகைச் செய்தியைப் பேசிவிட்டு எழுந்துபோனேன்.

போன வாரம் உன் மனைவி லாயாங் லாயாங்கில் ரயில்வேயில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். என் வண்டியில்தான். பானை சட்டி, ஊறுகாய் ஜாடி, ஆளுயரத்தில் பாதி இருக்கும் அந்த நிலைக்கண்ணாடி. அடுக்கிவிட்டு, கண்ணாடிக்கும் ஜாடிக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துணி கேட்கும் துணிச்சல் எனக்கு இனி இந்தப் பிறவியில் இல்லை. அவளே மூட்டையைப் பிரித்து உன் வேட்டிகள் நாலையும் எடுத்து நீட்டினாள்.

குளுவாங் தாண்டியதும் அவளிடமாவது சொல்லிவிடுவதென்று தொண்டையைச் செருமினேன்.

"ஒரு விசயம் சொல்லணும்மா."

"அந்த ஷீட்டு விசயமாண்ணே?" என்றாள்.

ஓரமாக வண்டியை நிறுத்தினேன்.

"அவருக்குத் தெரியும்ணே. அன்னிக்குச் சாயங்காலமே சொன்னாரு. டிக்கியத் தெறந்தது அண்ணன் ஒருத்தருதான், வேற யாரு சொல்லியிருப்பான்னாரு. எனக்கு ஆத்திரம்தான். உங்கள வந்து நாலு வார்த்த கேக்கலாம்னு கெளம்புனேன். அவருதான் விடல. அண்ணனுக்கு டிக்கி அடுக்க வரல, அந்தக் கோவம்தான். நான் ஒரு மாசம் போயி அடுக்கிக் குடுத்தன்னா சரியாப் போயிரும்னாரு."

நான் வண்டியை எடுத்தேன். லாயாங் லாயாங் வரும்வரை இருவரும் பேசவில்லை. டிக்கியும் பேசவில்லை.

இறக்கியபோது கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. "அவரு அடுக்குன மாதிரியே இருக்குண்ணே" என்றாள். வேட்டிகளை மடித்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. "உங்க டிக்கிலயே கெடக்கட்டும். எங்க அண்ணன் ரயில்வே சிலுவார்தான் போடுவாரு, இந்த வேட்டிய யாரு கட்டப் போறா" என்றாள். நாலும் என் வண்டியில்தான் இருக்கின்றன. ஊர் ஊராய் ஏற்றிக்கொண்டு திரிகிறேன்.

நீ நல்ல எண்ணத்தில்தான் அந்த ஒரு மாதம் வந்தாய். ஆனால் நீ நினைத்ததுபோல் சரியாகப் போகவில்லை தம்பி. அப்போது எனக்குப் பொறாமை உன் டிக்கியின்மேல் மட்டும்தான் இருந்தது.