கட்டங்களுக்குள் இருந்த பதில்

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் இதை எழுதுகிறார். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தையும் சேர்க்கக் கூடாது, நான் திட்டினால் அந்தத் திட்டையும் அப்படியே எழுத வேண்டும் என்று பேசித்தான் உட்கார வைத்திருக்கிறேன். சரி என்றார். பாவம், சாப்பிடாமல் வந்திருக்கிறார்.

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று சொல்ல வாய் வரவில்லை. என் முழங்கால் பழையபடிதான், மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறேன். அண்ணி தையல் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அண்ணனோடு ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறாள். துணி மாற்ற மட்டும் வீட்டுக்கு வருகிறாள். கீழ் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் போட மறந்துவிடுகிறார், நான்தான் மேலேயிருந்து கத்துகிறேன். வீட்டில் இப்போது சத்தம் என்றால் அது ஒன்றுதான்.

நேற்று போனில் நீ அழுதுகொண்டே வைத்துவிட்டாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்ததில் பாதிகூடச் சொல்லவில்லை. போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், கடுதாசி என்றால் முழுவதும் படித்துத்தான் ஆக வேண்டும். அதற்காகத்தான் இது, அண்ணன் மெஷினிலேயே அடித்து இப்போதே உனக்கு அனுப்பிவிடுவார். அண்ணனின் தலை ஆபரேஷனுக்கு நீ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் உடனே செய்துவிடுவதாக டாக்டர் காத்திருக்கிறார். நர்ஸ் நீ சொல்வதுதான் சரி என்று அண்ணி உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் இதைப் படி.

அண்ணன் எப்படிப் பேசிக்கொண்டிருந்தான் என்பது உனக்குச் சரியாகத் தெரியாது. நீ வீடியோவில் பார்ப்பாய், அண்ணி படித்துக் காட்டுவாள், அவ்வளவுதான். கட்டி என்று தொண்டையை அறுத்துக் குரல் போன உடனேயே அவன் தன் கம்ப்யூட்டரைக் கட்டில் பக்கத்தில் போடச் சொல்லிவிட்டான். படம், பொத்தான் எதுவும் இல்லாத கறுப்புத் திரை. ஆபீசில் காலமெல்லாம் அவன் வேலை பார்த்தது அதில்தானே. டெர்மினல் என்று பெயர் என்று ரிப்பேர்காரர் சொல்கிறார். அதில் தமிழ் வரவைக்க அவன் பட்ட பாடு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் எங்கேயோ என்று தனித்தனியாக நின்றதாம். இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துக்குள் அடங்கி உட்காருமாம், நம் எழுத்து அடங்காதாம். வரிசையாக நாலைந்து டெர்மினல் மாற்றிப் பார்த்தான். ஒன்றில் சேர்ந்து வந்தது. அன்றைக்கு அவன் சிரித்தபோது சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு நோய் தலைக்குப் போய்ப் பார்வையும் போனது. அப்போதும் கை நிற்கவில்லை. கீபோர்டில் இரண்டு கட்டைமேல் மட்டும் சின்ன மேடு இருக்கும், விரலால் அதைத் தடவிக் கண்டுபிடித்துவிட்டால் மீதியெல்லாம் அவனுக்குத் தானாக வரும். அவன் அடிப்பான், சாயங்காலம் அண்ணி வந்து படிப்பாள், வாயால் பதில் சொல்வாள். பகலில் அவனோடு இருப்பது நான். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. அதனால் எனக்கென்று ஒரு கட்டையில் மணி வைத்தான். ஒரு டிங் என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று என்றால் வலி, மாத்திரை. ஒரு நாள் சும்மா டிங் டிங் என்று தட்டிக்கொண்டே இருந்தான். நான் பதறிப்போய் ஓடினால் தோள் குலுங்குகிறது. என்னை ஓட வைத்துப் பார்த்திருக்கிறான், படுக்கையில் கிடந்தும் குசும்பு போகவில்லை.

ஆபரேஷன் பற்றி டாக்டர் சொன்ன அன்று நீயும் போனில் இருந்தாய். செய்தே ஆக வேண்டும் என்று நீ சொன்னாய். அவன் யோசித்துச் சொல்கிறேன், நாளை சாயங்காலம் சொல்கிறேன் என்று அடித்தான். அண்ணி படித்துக் காட்டினாள். மறுநாள் காலையிலேயே அந்தக் கம்ப்யூட்டரின் காற்றாடி நின்று, சூடாகி, அணைந்துவிட்டது. இதோ எழுதிக்கொண்டிருக்கிறாரே, இவரைக் கூப்பிட்டோம். வேறு ஒரு மெஷினைக் கொண்டுவந்து அண்ணன் வைத்திருந்ததையெல்லாம் அதற்கு மாற்றினார். தமிழ் அடிக்கும் வசதியும் போட்டார். இங்கிலீஷில் இரண்டு வார்த்தை அடித்துப் பார்த்தார், வந்தது, போய்விட்டார்.

அன்று பகல் முழுக்க அவன் அடித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்தில் மூட்டை மேல் இருக்கும் குறியை வைத்துத்தான் எது எந்த லாரிக்கு என்று பிரிப்பேன். படிக்கத் தெரியாது, ஆனால் உருவம் தப்பாது. அன்றைக்குத் திரையில் எல்லாம் ஒரே உருவமாக இருந்தது. சின்னச் சின்னக் கட்டம், ஜன்னல் மாதிரி, வரிசை வரிசையாக. இன்றைக்கு என்ன ஒரே மாதிரி வருகிறது என்று நினைத்தேன். புது மெஷின் எழுத்து அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அண்ணி வந்து பார்த்தாள். என்னங்க, இன்னொரு தரம் அடிங்க என்றாள். அவன் மறுபடி அடித்தான். மறுபடியும் கட்டம். அவள் வாசலுக்குப் போய் இவருக்குப் போன் போட்டு மெஷினில் கோளாறா என்று கேட்டாள். நான் பார்த்துட்டுத்தானே வந்தேன், எழுத்து நல்லா வருது என்று இவர் கடையிலிருந்தே சொல்லிவிட்டார். இந்த வரியை எழுதும்போது இவர் கை கொஞ்சம் நின்றது. எழுதும் என்று சொன்னேன். எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அண்ணி வீடியோவில் உன்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டிவிட்டுப் போனை வாசலுக்குக் கொண்டுவந்தாள். அவன் மணியை அடித்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் கொடுத்தேன், புரட்டினேன், மாத்திரை கொடுத்தேன். எனக்குத் தெரிந்த மூன்று மணிக்கும் செய்துவிட்டேன், மணி நிற்கவில்லை. நீ நர்ஸ். எத்தனை பேரைப் பார்த்திருப்பாய். அண்ணனுக்கு நினைவு கலங்கிவிட்டது, ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருக்கிறான் என்று நீ அழுதாய். நாங்களும் அழுதோம், அவன் காதில் விழாமல் இருக்க வாசலுக்கு வந்து நின்று அழுதோம். அவன் பக்கத்தில் யாரும் இல்லை.

மறுநாள் டாக்டர் வீட்டுக்கு வந்தபோது கட்டத்துக்குக் கீழே இங்கிலீஷில் துண்டு துண்டாக ஏதோ இருந்தது. பாதி எழுத்து, கோடு, புள்ளி. அர்த்தமில்லாமல் எழுத ஆரம்பித்துவிட்டார் என்று டாக்டர் உன்னிடம் சொன்னார். ஊசி போட்டார்கள். ஆம்புலன்சில் ஏற்றும்போதும் அவன் வலது கை விரல் போர்வைமேல் தட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டார்கள். அவன் பிடுங்கினான். இரண்டு கையையும் கட்டில் கம்பியில் துணியால் கட்டிவிட்டார்கள்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பழைய மெஷினின் காற்றாடியை மாற்றிக்கொண்டு இவர் வந்தார். ஆள் இல்லாத கட்டிலைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். சொன்னேன். திரையை ஓடவிட்டுப் பார்த்தவர் அந்தத் துண்டு இங்கிலீஷுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, பெரியவரே, உங்க மகன் தானாவே ரிப்பேர் பார்த்திருக்காரு என்றார். முதல் வரி, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தை எடுத்துக்கொள்ளும்படி மெஷின் வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பதாம். இருக்கிறது என்று மெஷின் பதில் சொல்லியிருந்தது. அடுத்த வரி, மெஷினிடம் தமிழ் எழுத்தின் வடிவம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது. அதற்குப் பதிலே இல்லை, காலி. அந்தக் காலியைப் பார்த்து அவனிடம் வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் இல்லை. அவனுக்குக் கண் இல்லை, எனக்கு எழுத்து இல்லை.

கட்டமாக வந்தால் பயமில்லை என்றார் இவர். எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது, காட்டுவதற்கு வடிவம்தான் இல்லை. கட்டத்துக்குப் பதில் கொக்கியும் அதன் கீழே புள்ளியுமாகக் கேள்விக்குறியாக இருந்திருந்தால் எழுதியதே அழிந்து போயிருக்கும் என்றார். நான் பார்த்தது கட்டம்தான், கொக்கி ஒன்றுகூட இல்லை என்றேன். அண்ணன் வைத்திருந்ததெல்லாம் வந்தது, ஆனால் எழுத்து வடிவம் மட்டும் அவன் பங்கில் இல்லாமல் மெஷினுக்குப் பொதுவான இடத்தில் இருந்ததாம். அதை இவர் எடுத்துவரவில்லை. இப்போது போட்டார். டெர்மினலை மூடித் திறந்தார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒவ்வொரு ஜன்னலும் ஒவ்வொரு உருவமாக மாறிவிட்டது.

இவர் படித்தார். நான் கேட்டேன். ஒரு தரம்தான் கேட்டேன், எனக்கு அது போதும். ஆனால் நீ என் வாயால் கேட்க வேண்டாம், அவன் அடித்ததைத் திரையில் பார்த்து அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

“நான் யோசிச்சுட்டேன். ஆபரேஷன் வேண்டாம். தலையைத் திறந்தா அதுக்கப்புறம் எழுந்திருக்கறது நானா இருக்காது. இருக்கற வரைக்கும் வீட்டுலயே இருக்கேன், விரல் ஓடற வரைக்கும் பேசிக்கிட்டிருக்கேன். வாலு ஒத்துக்க மாட்டா. அவகிட்ட யாரும் சண்டை போடாதீங்க, நானே சொல்லிக்கறேன்.”

உன்னை வாலு என்று கூப்பிடுவதை அவன் இன்னும் விடவில்லை.

அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, “ஏன் யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க.”

அதற்குக் கீழே, “வேண்டாம்னு சொன்னதுக்குக் கோபமா.”

அதற்குக் கீழே, “அப்பா, தண்ணி வேண்டாம். சும்மா பக்கத்துல உட்காருங்க.”

அதற்குக் கீழே, “ஒருவேளை எழுத்து வரலையோ.” அதன் பிறகு அந்த இங்கிலீஷ்.

அண்ணி நேற்று துணி மாற்ற வந்தபோது படித்தாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று கேட்டேன். உங்க பொண்ணு சொல்லட்டும் மாமா, நானா கூட்டிட்டு வந்து நாளைக்கு ஏதாவது ஆயிட்டா, புருஷனைச் சாகவிட்டவன்னு பேர் எனக்குத்தானே என்றாள். அதுவும் நியாயம்தான்.

அண்ணன் வேண்டாம் என்று எழுதியிருக்கிறான் என்று நான் சொன்னதும் நீ போனில் என்ன சொன்னாய் என்பதும் மறக்கவில்லை. அது அன்றைக்கு எழுதியது, இப்போது நோய் இன்னும் ஏறியிருக்கும், நினைவு இருக்கிறது என்று என்ன நிச்சயம் என்றாய். படிக்கத் தெரியாத உங்களுக்கு இதெல்லாம் புரியாது அப்பா என்றாய். சரி. எனக்கு நிச்சயம் இல்லை. அதனால்தான் கேட்கிறேன், நிச்சயம் பண்ணிக்கொள். டாக்டருக்குப் போன் போட்டு அண்ணனின் வலது கையை மட்டும் அவிழ்க்கச் சொல். தூக்க ஊசியை ஒரு வேளை நிறுத்தச் சொல். இவர் கையில் கொண்டுபோகிற சின்ன கம்ப்யூட்டரில் எழுத்தெல்லாம் போட்டுத் தயாராக வைத்திருக்கிறார், எனக்கு நம்பிக்கை வரட்டும் என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தும் காட்டினார். கீபோர்டை நானே அவன் கைக்குக் கீழே வைக்கிறேன், மேடு இருக்கும் கட்டையில் விரலை எடுத்து வைக்கிறேன். நீ போனில் அவன் காதில் கேள். உன் குரலில் கேள். அவன் அடிப்பதை அண்ணி படிக்கட்டும், நீயும் வீடியோவில் படி.

கட்டையில் விரல் அலைந்தால், அடிப்பது ஒன்றும் சேராமல் போனால், நீ ஆபரேஷனுக்குச் சரி என்று சொல். நான் குறுக்கே நிற்க மாட்டேன். என் கைநாட்டு வேண்டும் என்றாலும் வைக்கிறேன். அவன் வேண்டாம் என்று அடித்தால், அம்மாடி, அந்தக் கையை மறுபடி கட்டச் சொல்லாதே. வீட்டுக்கு அனுப்பச் சொல்.

கட்டிலில் விரிப்பு மாற்றிவிட்டேன். அவனுக்கு வெளிச்சம் தெரியாது, இருந்தாலும் ஜன்னல் பக்கம் தலை வரும்படி திருப்பிப் போட்டிருக்கிறேன். உன் பழைய அறையில் இருந்த பெட்டிகளை எடுத்து ஒதுக்கியிருக்கிறேன், நீ வந்தால் தங்க இடம் இருக்கிறது. லீவு கிடைக்குமா என்று பார். தள்ளிப்போடாமல் பார். ஒரு டிங் கேட்டாலும் இனி நான் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டேன், முதலில் பக்கத்தில் உட்காருவேன்.

அண்ணனும் தங்கையும் ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. இப்போதும் அப்படி ஆகிவிட வேண்டாம். நீ நன்றாக இரு, உன் கைபட்ட நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும். பதிலை ஒரு வரியாக இருந்தாலும் தமிழிலேயே எழுது. இப்போது இந்தத் திரையில் எழுத்து வருகிறது.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகக் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கும்
அப்பா