மாமா ஓட்டினால் எரியாத விளக்கு

மார்ச் 4, செவ்வாய்
காரில் ஏ.பி.எஸ். விளக்கு இன்றும் எரிந்தது; சடன் பிரேக்கில் வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பில் கோளாறு என்று பொருள். நேரில் பார்த்தது நான். மறுப்பவர் என் மாமனார். வண்டி அவருடையது, வயது இருபத்திரண்டு. வண்டிக்கு.
"நான் ஓட்டும்போது ஒரு நாளும் எரியலையே. உன் மிதி அப்படிம்மா," என்றார்.
என் கணவர் கருத்துக் கூற மறுத்துவிட்டார்.

மார்ச் 5
அலுவலக வாசலில் வண்டியை அணைக்கும் முன் விளக்கைப் படமெடுத்து வந்து காட்டினேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "படத்துல என்ன வேணா காட்டலாம். பத்திரிகைக்காரிக்கு நான் சொல்லணுமா?"
இத்தனை வருடச் செய்தியாளர் வேலைக்கு வீட்டில் கிடைத்த மரியாதை.

மார்ச் 7, வெள்ளி
மாமாவே மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனார். விளக்கு எரியவில்லை. மெக்கானிக்கின் சோதனைக் கருவியோ இவ்வளவு பழைய வண்டியுடன் பேச மறுத்துவிட்டது. வெற்றியோடு திரும்பினார். திங்கள் முதல் சாவி அவர் சட்டைப் பையில் இருக்குமாம்.
அப்புறம் அதிகாலை ஷிப்டுக்கு நான் எதில் போவது? பஸ்ஸே கிளம்பாத நேரம். நான் என்ன பிரேக்கை மிதிச்சு சித்திரவதையா பண்றேன்? போங்கப்பா.

மார்ச் 8
பல் டாக்டரிடம் போக மாமா ஓட்டினார், நான் பக்கத்தில். வேகமுள் இருபதைத் தாண்டவே இல்லை. காய்கறிப் பையோடு சைக்கிளில் வந்த ஒரு அம்மாள் எங்களை முந்தினார். திரும்பிப் பார்த்து, "தள்ளி விடணுமா?" என்று கேட்டார்.
எனக்குப் பொறி தட்டியது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.
"கொஞ்சம் வேகம் எடுத்தாத்தான்க்கா அது சக்கரத்து சென்சாரையே சோதிச்சுப் பார்க்கும். ஐயா எவ்ளோல போவாரு?"
சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.
"சாதா பிரேக் பிடிக்கும்க்கா. ஈரத்துல சடன் பிரேக் போட்டாதான் சறுக்கும்," என்றார்.

மார்ச் 9, ஞாயிறு
காய்ந்த, ஆளில்லாத புறவழிச் சாலை. மாமா ஓட்டினார். பின்சீட்டில் சாட்சியாக என் கணவர். முப்பதைத் தொட்டதும் மாமா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். முப்பத்தைந்தில் விளக்கு எரிந்தது.
"நீ பக்கத்துல உக்காந்திருக்கே, அதான்."
பின்னால் போய் உட்கார்ந்தேன். வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினார். மறுபடி எரிந்தது.
"அப்பா, விடுங்கப்பா" — இந்த விவகாரத்தில் என் கணவரின் முதல் அதிகாரபூர்வ அறிக்கை.
வீடு வரை மாமா வேகத்தைக் குறைக்கவில்லை. இறங்கியதும் சாவியை என் கையில் வைத்தார்.

மார்ச் 11, செவ்வாய்
பழுது பின்பக்க இடது சக்கரத்தின் சென்சாரில். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துச் சொன்னது மெக்கானிக். பழைய வண்டி என்பதால் புதுசு வெளியூரிலிருந்து வரவேண்டும். வெள்ளிக்கிழமை எதிர்பார்க்கப்படுகிறது.
ஷிப்டு முடிந்து வந்து ஆணியில் மாட்டிய சாவியைக் காணோம். மாமாவையும் காணோம். விளக்கு இன்னும் எரிகிறதா என்று பார்த்துவரப் போயிருப்பதாகக் கணவர் தெரிவித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு இது மூன்றாவது முறை.
எப்போது திரும்புவார் என்று தகவல் இல்லை.