ஒரு பென்னி நோட்டில் மஞ்சள்

அன்புள்ள அப்பாவுக்கு மாளவிகாவின் நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா? சேலையூர் வீட்டு மாடிப்படியில் அம்மா பேச்சைக் கேட்காமல் ஏறுகிறீர்களாமே!

கிடைத்துவிட்டதப்பா! உங்கள் பழைய நோட்டு சேகரிப்புக்காகப் பத்து வருடமாக நீங்கள் தேடிய, பிஜியில் வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து ஒரு பென்னி நோட்டு! இங்கே சுவாவில் ஒரு பழைய சாமான் கடையில், மடிப்பே இல்லாமல் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன்.

சந்தோஷத்தில் ஒரு தப்பு செய்துவிட்டேன். புதுத்துணிக்கு வைக்கிற பழக்கத்தில் நோட்டின் மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டேன். “கறை பட்டா எவன்டி மதிப்பான்?” என்று நீங்கள் கத்துவது இங்கேயே கேட்கிறது. சிரிப்பு தாங்கவில்லை.

நம் வீட்டு மஞ்சள்தூள் ஒரு பொட்டலம் அனுப்ப அம்மாவிடம் சொல்லுங்கள். இங்கேயும் கிடைக்கிறது, ஆனால் அந்த வாசனை இல்லை. வேலைக்குக் கூட்டிப்போக ஆஸ்பத்திரி வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

நோட்டைத் துடைத்துவிடாதீர்கள் அப்பா. அம்மா கட்டிக்கொடுத்த மஞ்சளில் கடைசிச் சிட்டிகை அது.

உங்கள் மாளவிகா