கடலில் தொடங்கிக் கடலில் முடியும் வழி

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
ஜனவரி 22

அன்புள்ள நிர்மலாவுக்கு,

மாமா எழுதுகிறேன். அந்த வெளிநாட்டுக் குளிரில் நீயும் சகலை ராஜவேலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிற வீட்டிலிருந்து எதற்குத் தபால் என்று நீ திகைக்கலாம். போன் பேசும்போது உன் அக்கா என் தோளோடு ஒட்டி நின்று கேட்கிறாள். சில சங்கதிகளை எழுதிச் சொல்வதுதான் எனக்குச் சௌகரியம்.

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய பார்சல் போகிக்கு முந்தின நாளே வந்துவிட்டது. மலை நடைக்கான ஷூவைப் பிரித்த நிமிஷமே உன் அக்கா அஞ்சலாட்சி காலில் மாட்டிக்கொண்டு கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தாள். கரும்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனதும் அதே ஷூவில்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. “பட்டுப் பொடவைக்கு இதான் மேட்ச்சு” என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

உன் வீட்டுக்கு நாங்கள் வந்திருந்த அந்தக் கோடையை நினைத்துக்கொள்கிறேன். பிரெனே மலை அடிவாரத்தில், மரத்தில் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பட்டைக் கோடு தீட்டியிருந்ததை முதலில் பார்த்தவள் உன் அக்காதான். நடக்கிறவர்களுக்கு வழி காட்டும் குறி என்று நீ சொன்னாய். இது எங்கே போய் முடியும் என்று கேட்டாள். “ஒரு கடல்ல ஆரம்பிச்சி, மலையெல்லாம் தாண்டி, இன்னொரு கடல்ல போயி முடியுதுக்கா” என்றாய். அதோடு அவளுக்குப் பித்துப் பிடித்தது. கிராம நர்ஸாக இருந்த காலமெல்லாம் ஊசிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவள். “அதெல்லாம் உத்தியோகத்துக்கு நடந்தது. இது எனக்காக நடக்கறது” என்று திரும்பி வரும்போது விமானத்தில் சொன்னாள். முழு வழியும் முடியாது, கடைசிப் பகுதியையாவது கடல் கண்ணில் படும்வரை நடப்பது என்று அக்காவும் தங்கையும் பேசி வைத்தீர்கள்.

ஜூலைக்கு ரெஃபூஜ்களில் இப்போதே இடம் பிடிக்க வேண்டும், பாஸ்போர்ட் நகலை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். மலைமேல் தங்குகிற அந்தக் குடில்களில் படுக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது தெரியும். ஆனாலும் கொஞ்சம் பொறு அம்மா. என் முழங்கால் மக்கர் பண்ணுகிறது. விசாவுக்கும் கூட்டம் அதிகமாம். சித்திரை பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சியில் குறை இல்லை. இந்த ஊரில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? அரும்பார்த்தபுரம் மேம்பாலம்தான் எங்கள் மலை. முதுகில் பையோடு ஏறி இறங்குகிறோம். போன மாதம் செஞ்சிக் கோட்டைக்கும் போனோம். எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறிவிட்டாள். உச்சியில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, “நிர்மலா எங்க? கீழயே குந்திட்டாளா?” என்று கேட்டாள். வெயில் கடுமை. தலை சுற்றியிருக்கும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போனில் அக்கா சொன்னதையே திரும்பச் சொன்னால், இப்பதானே சொன்ன என்று சொல்லிவிடாதே. புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள். வயசாகிறதல்லவா. வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா தணிகாசலம்


முதலியார்பேட்டை,
ஏப்ரல் 9

அன்புள்ள நிர்மலாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க இந்தமுறை கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான்தான் அக்காவை வரவிடாமல் தடுக்கிறேன், எனக்கு மலை ஏறச் சோம்பல், அதற்காக அவளை வீட்டோடு கட்டிப்போட்டிருக்கிறேன் என்றாய். “ஊருக்கெல்லாம் நடந்த கால் மாமா அது. ஒரு தரம் அதும் ஆசைக்கு நடந்துட்டுப் போவட்டுமே” என்று அழுதாய். என்னைக் கேட்காமல் இடமும் பதிவு செய்துவிட்டதாகச் சொன்னாய். உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. உங்கள் அம்மா போனபிறகு, உங்கள் அப்பா வேலை பார்த்த மில்லும் மூடிக்கிடந்த அந்த வருஷங்களில், உனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவளுக்காகத்தானே நீ சண்டை போடுகிறாய்? நான் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் வேறு. அஞ்சலாட்சி என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அதை இப்போது மீறுகிறேன்.

உன் அக்காவுக்கு மறதி நோய் வந்திருக்கிறது, நிர்மலா. அல்சைமர் என்கிறார்கள்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் ரசத்துக்குப் புளி கரைத்தவள், கரைத்த தண்ணீரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. முன்பும் சின்னச் சின்னதாக நடந்திருக்கிறது. அவளே, “என்னாங்க, எனக்கு என்னாவோ ஆவுது, டாக்டர்கிட்ட போலாம்” என்றாள். ஸ்கேன் எடுத்தார்கள். படம் வரைந்து காட்டச் சொன்னார்கள். டாக்டர் நல்ல மனிதர். இது திரும்பாது, மெதுவாகப் போகவைக்கத்தான் மாத்திரை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவள் நர்ஸ் வேலை பார்த்தவள் அல்லவா, எல்லாம் புரிந்தது. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “நிர்மலாகிட்ட சொல்லாதீங்க. அது பாட்டுக்குத் தேதி பாக்கட்டும், ஷூ வாங்கட்டும். அது ஃபோன்ல அந்த மலையப் பத்திப் பேசும்போதுதான் நான் நல்லா இருக்கறாப்புல இருக்குது.”

அதனால்தான் முழங்கால் என்றேன். விசா என்றேன்.

உன்னிடம் பேசுகிற பத்து நிமிஷமும் அவள் எவ்வளவு பாடுபடுகிறாள் என்று நீ பார்த்ததில்லை. போனை வைத்ததும் மூட்டை சுமந்து வந்தவள்போல் சாய்ந்துவிடுவாள்.

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கதவு திறந்துகிடக்கிறது. அவளையும் காணோம், மலைக்கென்று கட்டிவைத்திருந்த பையையும் காணோம், ஷூவையும் காணோம். பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தெருத்தெருவாகத் தேடினோம். கடற்கரைச் சாலை முழுக்கப் பார்த்தேன். கருவடிக்குப்பம் வரைக்கும் போய் விசாரித்தேன். நிர்மலா, அந்த வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுத முடியாது.

பொழுது சாயும் நேரத்துக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. வினோத்குமார் என்று ஒரு பையன், ரெட்டியார்பாளையத்துக்காரன். குழந்தையாக இருந்தபோது உன் அக்காவிடம் ஊசி போட்டுக்கொண்டவனாம், அவன் அம்மாதான் அடையாளம் கண்டு ஏற்றி அனுப்பியிருக்கிறாள். விழுப்புரம் ரோட்டு ஓரமாக, முதுகில் பையோடு நேர்நடையாக நடந்துகொண்டிருந்தாளாம். “எங்க போறீங்கம்மான்னு கேட்டேன் சார். ரெஃபூஜ் இன்னும் எவ்ளோ தூரம்பான்னு கேட்டாங்க. எனக்கு அப்படி ஒரு எடமே தெரியலியே சார்” என்று அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னான். குதிகாலில் கொப்புளம். தாகத்தில் உதடு வெடித்திருந்தது. ஆனால் முகத்தில் பயமே இல்லை. “நல்ல வழிங்க. ஏத்தமே இல்ல” என்றாள் என்னைப் பார்த்து.

இப்போது சொல். இவளை எந்த மலைக்கு நான் அழைத்துவருவேன்?

பதிவை ரத்து செய்துவிடு. இது உனக்குத் தெரியும் என்று மட்டும் அவளிடம் காட்டிக்கொள்ளாதே. வழக்கம்போல மலையைப் பற்றியே பேசு.

மனசைத் தேற்றிக்கொள்.

மாமா


முதலியார்பேட்டை,
ஜூன் 3

அன்புள்ள நிர்மலா,

உன் கடிதம் கிடைத்தது. அங்கங்கே மை ஊறியிருந்தது. நானும் கதவைச் சாத்திக்கொண்டுதான் படித்தேன்.

அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய டாக்டர்களிடம் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய். இங்குள்ள டாக்டரிடம் அதைக் கேட்டேன். மருந்து எல்லா இடத்திலும் ஒன்றுதான், புது வீடு, புது ஆட்கள் என்றால் இப்போது இருக்கிற தெளிவும் போய்விடும் என்றார். அவர் சொல்வது சரி என்று எனக்கே தெரிகிறது. சமையலறையில் டப்பாவை மாற்றி வைத்தால்கூடத் தடுமாறுகிறாள்.

சத்தியத்தை மீறியதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். உன் குரலை வைத்தே தெரிந்துகொண்டாள். “சொல்லிட்டீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். திட்டவில்லை. படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, “அப்பன்னா கடைக்குப் போயி வெள்ளை பெயின்ட்டும் செவப்பு பெயின்ட்டும் வாங்கிட்டு வாங்க” என்றாள்.

என்ன செய்யப்போகிறாள் என்று தெரியாமலே வாங்கிவந்தேன். படுக்கையறைக் கதவிலிருந்து தொடங்கினாள். மேலே வெள்ளைக் கோடு, கீழே சிவப்புக் கோடு. அங்கிருந்து பாத்ரூம்வரை, பாத்ரூமிலிருந்து சமையலறைவரை. திரும்ப வேண்டிய இடத்தில் கோட்டை வளைத்தாள். வாசல் கேட்டில் வெள்ளையும் சிவப்புமாகப் பெருக்கல் குறி போட்டாள். இது தப்பான வழி, இதில் போகாதே என்று மலையில் அப்படித்தான் போடுவார்கள் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்? “நான் தெளிவா இருக்கறப்பவே போட்டு வெச்சிடறேன். நாளைக்கி உங்களுக்கு ராத்திரியும் பகலும் என் பின்னாடியே ஓடற வேல இருக்காதுல்ல” என்றாள். நான் தூரிகையை வாங்கிக் கழுவுகிற சாக்கில் கொல்லைப்புறம் போய்விட்டேன்.

மே மாதத்துப் பாதிவரைக்கும் அந்தக் கோடுகள் நன்றாகவே உதவின. கையால் தடவிக்கொண்டே போவாள். கேட்டுவரை வந்து, குறியைப் பார்த்துத் திரும்பிவிடுவாள். பிறகு ஒரு காலை, காப்பி குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். “செவுத்துல யாரு இப்பிடிக் கிறுக்கி வெச்சது? வீட்டுக்காரங்க பாத்தா என்னா சொல்லுவாங்க?” என்று கேட்டாள். இது நம் சொந்த வீடு என்றேன், நீதான் போட்டாய் என்றேன். நம்பவில்லை. துணி துவைக்கிற பிரஷ்ஷை எடுத்துவந்து உச்சி வெயில்வரை தேய்த்தாள். சுண்ணாம்பு பெயர்ந்ததுதான் மிச்சம். அழுதுவிடுவாள்போல் இருந்தது. நானும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கூடவே தேய்த்தேன். மறுநாள் ஆள் வைத்து வெள்ளையடித்துவிட்டேன். இப்போது கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். அதற்கு என்னைத் திட்டுகிறாள். திட்டட்டும்.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

போன வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டாய். நன்றாகத்தான் பேசினாள். சாப்பிட்டீங்களா, அங்க மழையா என்றெல்லாம் கேட்டாள். நடுவில் லைன் போய்விட்டது என்று நான் உனக்குச் செய்தி அனுப்பினேன். லைன் போகவில்லை, நிர்மலா. அவள் போனை என் கையில் கொடுத்து, “யாரோ ஒரு அம்மா. ரொம்ப அன்பா பேசறாங்க. யாருன்னு கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சி” என்றாள். நான்தான் அணைத்தேன். நீ அந்தப் பக்கம் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

சாயங்காலம் அவளாகவே உன்னைக் கேட்டாள். நிர்மலா பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாளா என்று கேட்டாள். ஆகவே நீ முழுக்கப் போய்விடவில்லை. இப்போது அவள் தேடுகிற நிர்மலா இரட்டைச் சடையோடு இருக்கிறாள், அவ்வளவுதான்.

ஜூலை லீவை ரத்து செய்யவில்லை, நீ மட்டுமாவது அந்த வழியை நடந்து, கடலைப் பார்த்ததும் வீடியோவில் அக்காவுக்குக் காட்டப்போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். அவளுக்காகத்தான் சொல்கிறாய் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் போனில் தெரிகிற முகம் யாருடையது என்று அவள் என்னைக் கேட்டால், அப்போது நீ எங்கோ ஒரு மலைமேல் தனியாக நின்றுகொண்டிருப்பாய். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்ததெல்லாம் நீதான். இதுவரை உன்னிடம் எதையும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். அந்த லீவை இங்கே கொண்டுவா. முடிந்தால் ஜூலைவரைக்கும்கூடக் காத்திருக்காதே. சகலையிடம் நான் கேட்டதாகச் சொல், அவர் மறுக்கமாட்டார். காலையில் அவள் கொஞ்சம் தெளிவாக இருக்கிறாள். கடற்கரைச் சாலையில் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தால் அவளுக்கு அது போதும்.

வந்தால், வாசலில் நின்று அவள் உன்னைத் தெரிந்துகொள்கிறாளா என்று பார்க்காதே. செருப்பைக் கழற்றும்போதே, “அக்கா, நான் நிர்மலா வந்திருக்கேன்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிடு. யார் என்று மறுபடியும் கேட்டால் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் மறுபடியும் சொல். நான் தினமும் அப்படித்தான் தணிகாசலம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மா. சீக்கிரம் வா.

உன் மாமா,
தணிகாசலம்