காலியாக விடக் கூடாத கட்டம்

பழைய மடிக்கணினி சூடேறினால் இன்னும் புளி வாசம் வருகிறது. எடைக்கொட்டகையிலிருந்து கை கழுவாமல் வந்து தட்டச்சு செய்வாயே, அந்தப் புளிதான் விசைகளுக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. நீ இருந்தபோது இதற்காக உன்னைத் திட்டாத நாள் இல்லை. காய்ச்சல் என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராமலே போன பிறகு, அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த வாரம் முழுக்க அந்த வாசத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். நம் மலை விவசாயிகள் சங்கத்தின் பழைய கணக்கு மென்பொருளை நிறுத்தப் போகிறார்கள். அதில் உள்ளதையெல்லாம் புதிய தரவுத்தளத்துக்கு மாற்ற வேண்டும். உறுப்பினர்கள் ஓர் அட்டவணையில், அவர்கள் கொண்டுவந்த புளியும் சாமையும் இன்னொன்றில், இரண்டையும் சேர்க்க ஆளுக்கொரு எண். சொல்லும்போது எளிது. கழுத்து வலிக்கிறது, கண் எரிகிறது, மின்சாரம் நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது. இரண்டு பேர் பார்த்த வேலையை ஒருத்தியாகப் பார்க்கிறேன். அலுத்துவிட்டதடி.

பழைய மென்பொருள் ஒரே பெயரில் இருவரை ஏற்காது. நம் மலையிலோ ஊருக்கு நாலு கோவிந்தன், அப்பன் பெயரும் பாதிப் பேருக்கு ஒன்றுதான். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். நீ மூட்டையோடு நின்றவரையே கேட்டாய்: "உன்ன ஊர்ல இன்னானு சொல்வாங்க?" சொன்னதை அப்படியே பெயருக்குப் பின்னால் போட்டாய். கோவிந்தன் ரெண்டு பலா. குப்பம்மா கடைசி வூடு. வெள்ளையன் ரேடியோ. ஒரு கோவிந்தனுக்கு மட்டும், பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள் என்று 'கோவக்காரர்' போட்டுவிட்டாய். ரசீதோடு வந்து மேசையைத் தட்டினார்.

"யாரு இப்டி எழுதுனது? எனக்கு இன்னா கோவம்?"

"கோவப்படாம ஒருவாட்டி கேளுங்க, ஒடனே மாத்திட்றேன்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்கும் அவர் கோவக்காரர்தான்.

சென்னையிலிருந்து இந்த வேலையைச் செய்து தருகிற பையனுக்கு இது பிடிபடவில்லை. "நம்பர் இருக்குல்ல மேடம், பட்டப்பேர் எதுக்கு?" என்றான். பட்டப்பேரை வெட்டிவிட்டு, பெயருக்கு ஓர் எண் என்று ஒருமுறை ஏற்றிப் பார்த்தான். நாலு கோவிந்தன்களின் புளியும் ஒரே கோவிந்தன் தலையில் விழுந்தது. சரி, எண்ணைக் கேட்டே எடை போடுவோம் என்று பார்த்தால், எண் போட்ட உறுப்பினர் அட்டையை யார் கொண்டு வருகிறார்கள்? "நான்தாம்மா, ரெண்டு பலா" என்றுதான் வந்து நிற்கிறார்கள். கடைசியில் அவனே இறங்கி வந்தான். 'அடையாளம்' என்று தனிக் கட்டம் வைத்தான். "ஆனா எல்லாருக்கும் இருக்கணும் மேடம். காலியா விட்டா ஏத்துக்காது."

பெயரைத் தனியாகவும் நீ வைத்த அடையாளத்தைத் தனியாகவும் பிரித்து, இல்லாதவர்களுக்கு ஆளனுப்பிக் கேட்டு, எல்லாவற்றையும் இன்று முடித்தேன். ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பாக நின்றது. உன்னுடையது. உங்கள் வீட்டுப் புளியைக் கொடுத்த வகையில் நீயும் உறுப்பினர்தானே.

போனில் சொன்னேன். "அவங்க தவறிட்டாங்கன்னா அந்த வரிய எடுத்துடுங்க மேடம்" என்றான் பையன். எடுத்தும் பார்த்தேன். தரவுத்தளம் விடவில்லை. நீ கொடுத்த மூட்டைகள் எல்லாம் உன் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆளை எடுத்தால் அவற்றுக்கு ஆதாரம் இல்லையாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. களைப்பும் ஒரு காரணம்.

உன் பெயரில் இந்த மலையில் வேறு யாரும் இல்லை, அதனால் உனக்கு அடையாளம் தேவைப்படவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் வைக்கிறாயே, உனக்கு ஒன்று வேண்டாமா என்று ஒருநாள் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "எனக்கு இன்னாத்துக்குடி? நான்தான் உன் எதிர்லயே குந்தினு கீறனே."

அந்தக் கட்டத்தில் 'எதிர் நாற்காலி' என்று அடித்தேன். சிவப்பு மறைந்தது. பையன் கூப்பிட்டு, எல்லாம் ஏறிவிட்டது, இனிப் பழைய கணினி வேண்டாம் என்றான். அதைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தேன். உன் இடத்துக்கு அடுத்த வாரம் புதிதாக ஒருத்தி வருகிறாள். அவளுக்கு வேறு நாற்காலி கேட்டிருக்கிறேன்.