புஸ்வாணப் பெட்டியில் இருக்கும் பையன்

11 மார்ச் 2024

சூர்யாவுக்குச் சளி குறைந்திருக்கிறது. மூன்று இட்லி சாப்பிட்டான். நாலாவதைச் சாம்பாரில் மிதக்கவிட்டு வேடிக்கை பார்த்தான். ஒன்பது வயசு. திட்டத்தான் வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் பெரியத்தான் வந்தார். என் வீட்டுக்காரருடைய அண்ணன். நாரணாபுரத்தில் இருக்கும் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் அவர் வைத்ததுதான் சட்டம். இந்த சீசனுக்குப் புதுப் புஸ்வாணம் போடுகிறார்களாம். "பெட்டியில நம்ம சூர்யா படத்தைப் போட்டுருவோம்மா. பேரும் சூர்யா புஸ்வாணம்னே இருக்கட்டும்" என்றார்.

இந்தக் குடும்பத்தில் பிள்ளைகளைப் பெட்டியில் ஏற்றுவது வழக்கம். அவர் மகள் பிரீத்திகா மூன்று வயசில் கம்பி மத்தாப்புப் பெட்டியில் ஏறினாள். இப்போது காலேஜுக்குப் போகிறாள். பெட்டியில் இன்னும் ரெட்டைக் குடுமியோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள் என்று தீபாவளிக்குத் தீபாவளி அப்பாவிடம் சண்டை பிடிப்பாள்.

"சரிங்கத்தான்" என்றேன். வேறென்ன சொல்ல?

12 மார்ச்

நாள் பூரா அந்தப் பெட்டி நினைப்புதான். பெட்டி லோடு லோடாகப் போகும். வடக்கே எந்த ஊர்க் கடையிலெல்லாமோ அடுக்கி வைப்பார்கள். டவுன் சிண்ட்ரோம் என்று மதுரை டாக்டர் சொன்ன அந்த முகம். சின்னக் கண், எப்போதும் நுனி தெரிகிற நாக்கு. கல்யாண வீட்டில் நாலு பேர் பார்க்கிற பார்வையே எனக்குத் தாங்கவில்லை. இது ஊர் ஊராகப் பார்க்கிற பார்வை.

அவனை யாரும் கேலி செய்துவிடக் கூடாது, அவனுக்காகத்தான் யோசிக்கிறேன் என்று எழுத வந்தேன். பொய். எனக்காகத்தான்.

15 மார்ச்

செய்துவிட்டேன்.

பிரஸ்ஸில் டிசைன் போடுகிற பையன் போனில் கூப்பிட்டுப் படம் கேட்டான். கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை மகனின் படம் என் போனில் இருந்தது. பட்டு வேட்டி, குழி விழுகிற கன்னம். அதை அனுப்பினேன். "உங்க பையன் சூப்பரா இருக்கான்க்கா" என்று பதில் வந்தது. நான் அதற்கு நன்றி வேறு சொன்னேன்.

சூர்யா அப்போது என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான்.

23 மார்ச்

டிசைனைப் பெரியத்தான் பார்த்துவிட்டார். நேரே வீட்டுக்கு வந்தார். சூர்யா கேமராவைப் பார்க்க மாட்டான், அழுவான், அதனால்தான் என்று நானாகவே ஆரம்பித்தேன். அவர் முழுவதையும் கேட்டார். "உன் பிள்ளை. உன் இஷ்டம்மா" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

திட்டியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

ராத்திரி என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், நான் செய்தது தப்பா என்று. சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "தப்புன்னு சொல்ல எனக்கு யோக்யதை இல்ல வேல்விழி. அந்தப் படத்தைப் பாத்ததும் எனக்கும் அப்பாடான்னுதான் இருந்துச்சு." அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

4 ஜூலை

சாம்பிள் பெட்டிகள் வந்தன. ஒளித்து வைப்பதற்குள் சூர்யா ஒன்றை எடுத்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் மாடத்தி டீச்சர் அவனுக்கு அவன் பெயரை வாசிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். விரல் வைத்து, "சூ… ர்யா" என்றான். அப்புறம் அந்தப் படத்தைத் தொட்டு, "சூர்யா" என்றான். கைதட்டினான்.

இல்லை கண்ணே என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றேன்.

பெட்டியைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறான்.

20 அக்டோபர்

தங்கை போன் செய்தாள். கடையில் பட்டாசு வாங்கப் போன இடத்தில் பெட்டியைப் பார்த்திருக்கிறாள். "எம் பேரு சூர்யா இல்லையேம்மான்னு எம்பிள்ள கேக்கான். நான் என்னக்கா சொல்லட்டும்?"

31 அக்டோபர்

தீபாவளி. வந்தவர்களுக்கெல்லாம் அவனே பெட்டியைக் காட்டினான். எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள் அங்கேயே இருந்துவிட்டேன்.

8 நவம்பர்

மாடத்தி டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். பிள்ளைகளின் படங்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். காலையில் வந்ததும் அவரவர் படத்தைத் தொட்டுப் பெயர் சொல்ல வேண்டும். போன வருஷம் ஓடிப்போய் முதலில் தொட்டவன் சூர்யா. இப்போது தன் படத்தைக் காட்டினால் "சூர்யா இல்ல" என்கிறானாம்.

"சூர்யா டப்பாங்கிறான். எனக்குப் புரியலைங்கம்மா. வீட்ல எதும் டப்பா இருக்கா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

9 நவம்பர்

கண்ணாடி முன்னால் நிறுத்தி, இது யாரு என்று கேட்டேன். சூர்யாதானே என்றேன். "இல்ல." ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வந்து எனக்குக் காட்டினான். நான் தெரியாமல் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான்.

ஏன்டி வேல்விழி இப்படிப் பண்ணுன என்று என்னையே கேட்கிறேன். ஊருல எவளோ அவன் மூஞ்சியப் பாத்து முகஞ்சுளிச்சா, அவளோட போகும். பெத்தவ நீயே இது வேணாம்னு வேற மூஞ்சியத் தூக்கிக் குடுத்திருக்கியே. நீயெல்லாம் ஒரு தாயா?

11 நவம்பர்

பெரியத்தான் வீட்டுக்கு நானே போனேன். அவர் வீட்டு அக்கா காபி கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை. "புஸ்வாணப் பெட்டிய மாத்தணும் அத்தான்" என்றேன். அழக் கூடாது என்று போனேன், அழுதுவிட்டேன்.

"விட்டது விட்டதுதாம்மா, கடைகளுக்குப் போன சரக்கைத் திருப்ப முடியாது. அடுத்த சீசனுக்கு மாத்திருவோம். நீ படத்தை எடுத்துட்டு வா, மத்ததை நான் பாத்துக்கிடுறேன்" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அவருக்கு முன்னால் நிமிர்ந்து உட்காரவே கூச்சமாக இருந்தது.

20 ஜனவரி 2025

ஸ்டூடியோ. சூர்யா விளக்கைக் கண்டு மிரண்டு மூன்று தடவை வெளியே ஓடினான். கடைசியில் நான் பக்கத்தில் நின்று தோளில் கை வைத்த பிறகுதான் உட்கார்ந்தான்.

படம் எடுத்தவர் நல்ல மாதிரிதான் சொன்னார்: "கவலைப்படாதீகக்கா. உங்க கையைக் கம்ப்யூட்டர்ல எடுத்துரலாம். நாக்கையும் உள்ள தள்ளிக் கண்ணைக் கொஞ்சம் பெருசாக்கிட்டா டப்பாவுக்கு அம்சமா இருக்கும்."

சரி என்று வாய் வரை வந்தது. இவ்வளவுக்கும் பிறகு! எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. "ஒண்ணையும் எடுக்க வேணாம். எப்படி இருக்கோ அப்படியே குடுங்க" என்றேன். "கையும் இருக்கட்டுமாக்கா?" என்றார். அவசரத்தில் அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

3 ஏப்ரல்

புதுப் பெட்டி வந்தது. இவர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "ஏலே சூர்யா, இங்கன வா" என்றார்.

பெட்டியில் சூர்யா, வாயை லேசாகத் திறந்து, நாக்கு நுனி தெரிய. தோளில் என் கை. முன்கையோடு வெட்டிவிட்டதால் எங்கிருந்தோ நீண்ட கை மாதிரி இருக்கிறது. பார்க்க அழகாக இல்லை.

அவன் பெட்டியை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தான். பெயரை வாசிக்கவில்லை. முகத்தைத் தொடவில்லை. கையைத் தொட்டு, "அம்மா" என்றான்.

"ஆமா. அம்மா கை" என்றேன். அதற்கு மேல் கேட்க எனக்குப் பயம். முகத்தைக் காட்டி யார் என்று கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

இவர்தான் கேட்டார். "அம்மா யாரு மேல கை வச்சிருக்கா, சொல்லுலே?"

சூர்யா பெட்டியைக் கீழே வைத்தான். என் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, படத்தில் இருப்பதுபோல நேராக நின்றான்.